நீல அட்டைக் கோப்பு

33 வருடம் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். காணாமல் போன கோப்பு ஒன்று கிடைத்துவிட்டது என்று எந்த மூலையிலிருந்து செய்தி வந்தாலும் காதைத் தீட்டிக்கொள்வேன். பழக்கதோஷம்.

இன்றைக்குச் சொல்லப்போகும் கோப்பு நம் ஊருடையது அல்ல. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் 1901 நவம்பரில் திறக்கப்பட்டது. 1995 டிசம்பரில்தான் கோன்ராட் மௌரர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் அந்த ஊர் மருத்துவமனையின் ஆவண அறையில் அதைக் கண்டெடுத்தார்கள். நீல நிற அட்டை. உள்ளே 32 தாள்கள். ஏறக்குறைய 90 வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த கட்டு. அந்தத் தாள்களில் இருந்ததைப் படித்தபோது, இறந்துபோன என் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அக்காவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கோப்பு.

கோப்பின் நாயகி பெயர் அவுகுஸ்டே டெட்டர். வயது 51. கணவர் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா, அதாவது நம் இனம். நன்றாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவள், 1901-ஆம் வருடத்தில் திடீரென்று கணவருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தொடர்பு என்று சந்தேகப்பட ஆரம்பித்தாள். பிறகு சமையல் கெட்டது. பொருள்களை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டுத் தேடினாள். நவம்பர் 25-ஆம் தேதி மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் அலோயிஸ் அல்ஸைமர் என்ற மருத்துவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை ஒன்றுவிடாமல் எழுதினார்.

உன் பெயர் என்ன என்று கேட்டால் அவுகுஸ்டே என்கிறாள். குடும்பப் பெயர்? அதற்கும் அவுகுஸ்டே. கணவர் பெயர்? கொஞ்சம் யோசித்து, அவுகுஸ்டே என்று நினைக்கிறேன் என்கிறாள். மத்தியானம் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் கீரை என்கிறாள். பென்சில், பேனா, சாவி, சுருட்டு என்று எடுத்துக் காட்டினால் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுகிறாள். சற்று நேரம் கழித்து என்னென்ன காட்டினேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. பெயரை எழுதச் சொன்னார். ஜெர்மன் மொழியில் 'திருமதி' என்பதற்கான சொல்லை எழுதினாள். அடுத்து எழுதவேண்டியது அதற்குள் மறந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தன்னையே தொலைத்துவிட்டதாக அவள் சொன்னதையும் அல்ஸைமர் குறித்து வைத்திருக்கிறார்.

நான் அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வாசல் திண்ணைக்குப் போய்விட்டேன். காரணம் இருக்கிறது.

என் அக்கா 1939-இல் பிறந்தவள், எனக்குப் பத்து வயது மூத்தவள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். 1954-இல் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது அவளுக்கு 15 வயது. மாமா ஆசிரியராக இருந்து காலமானவர், ஆகவே அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம். வருடா வருடம் நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். 2017-இல் அப்படிப் போனோம். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அக்கா பேனாவை வாங்கி முதல் எழுத்தைப் போட்டாள். நிறுத்திவிட்டாள். பேனா தாளின் மேலேயே நிற்கிறது. பின்னால் வரிசை நீண்டுகொண்டு போகிறது. "எழுதுக்கா" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். "நாடகம் போடாதே, எல்லாரும் நிக்கிறாங்க" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன்.

ஏன் நாடகம் என்று நினைத்தேன் தெரியுமா? அன்றைக்குக் காலையில்தான் அவள் பள்ளியில் மனப்பாடம் செய்த பிரான்சு தேசத்து மாவட்டங்களையும் அவற்றின் தலைநகரங்களையும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ரோன் என்றால் லியோன், ழிரோந்த் என்றால் பொர்தோ, கார் என்றால் நீம். ஒன்றுகூடத் தப்பவில்லை. அறுபது வருடத்துக்கு முந்திய பாடம் தப்பாமல் வருகிறவளுக்குச் சொந்தக் கையெழுத்து எப்படி மறக்கும்? இந்தக் கேள்விதான் என்னை இந்தப் படிப்பில் இறக்கியது. விடை தெரிந்தபோது அக்கா இல்லை.

கோப்புக்கு வருவோம். அல்ஸைமர் 1903-இல் பிராங்க்பர்ட்டை விட்டுப் போய், கிரேப்பலின் என்ற பெரிய மனநல ஆசிரியரோடு மியூனிக்கில் வேலை பார்த்தார். ஆனாலும் இந்த நோயாளியை விட்டுவிடவில்லை, செய்தி கேட்டுக்கொண்டே இருந்தார். 1906 ஏப்ரல் 8-ஆம் தேதி அவள் படுக்கைப் புண்ணால் ரத்தத்தில் நஞ்சேறி இறந்தாள். கோப்பும் மூளையும் மியூனிக்குக்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, நரம்புச் செல்களுக்கு வெளியே, இடையிடையே படிந்திருந்த கறைத் திட்டுகள். இன்னொன்று, செல்லுக்கு உள்ளேயே நூல் சிக்குப் பிடித்தது போன்ற முறுக்கு. மேல்மூளையின் செல்களில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இந்தச் சிக்கு இருந்ததாக எழுதினார். கறை என்பது அமிலாய்டு என்ற புரதம், சிக்கு என்பது டௌ என்ற புரதம் என்பதெல்லாம் 1980-களில்தான் தெரிய வந்தது. இந்தக் கட்டுரையில் கறை, சிக்கு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், நமக்கு அது வசதி.

1906 நவம்பரில் டியூபிங்கன் நகரத்தில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதைப் படித்தார். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள். நம் அலுவலகக் கூட்டங்கள் நினைவுக்கு வருகின்றன.

என் பிரெஞ்சு வாத்தியார்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கறைத் திட்டுகளை முதலில் பார்த்தவர் அல்ஸைமர் அல்ல. 1892-லேயே பாரிசில் புளோக், மரினெஸ்கோ என்ற இருவர் வலிப்பு நோயால் இறந்த ஒரு முதியவர் மூளையில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1907-இல் பிராகா நகரத்து ஆஸ்கர் ஃபிஷர், முதுமையில் புத்தி தடுமாறிய 16 பேரின் மூளைகளைச் சோதித்து 12-இல் கறைகளைக் கண்டார். அவர் யூதர். 1942-இல் நாஜிகளின் தெரெசின் சிறையில் செத்தார். பெயரும் அவரோடு போயிற்று. 1910-இல் கிரேப்பலின் தன் பாடப்புத்தகத்தில் 'அல்ஸைமர் நோய்' என்று எழுதியதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

அந்தப் பெயர்சூட்டலில் ஒரு வில்லங்கமும் இருந்தது. முதுமை வருவதற்கு முன்னால், ஐம்பது வயதில் வரும் அபூர்வ நோய் என்று கிரேப்பலின் அதைத் தனியாக வைத்துவிட்டார். எழுபதில், எண்பதில் தடுமாறுகிறவர்களுக்கு அது வெறும் வயசு என்று அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தது. "வயசானா அப்படித்தான், திரும்பக் குழந்தை ஆயிடுவாங்க" என்று நம் வீடுகளில் சொன்னதில் என்ன ஆச்சரியம்!

சரி, பொர்தோ ஞாபகம் இருக்கும்போது கையெழுத்து ஏன் மறந்தது?

தெயோதுல் ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881-இல் ஞாபகக் கோளாறுகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பேரன் கணினியில் இறக்கித் தந்தான். பிரெஞ்சில் படித்த படிப்பு 70 வயதுக்கு மேல் இப்படி உதவியது. மறதிக்கு ஒரு வரிசை உண்டு என்பது ரிபோவின் கட்சி. புதியது முதலில் போகும், பழையது பிறகு போகும். நேற்று நடந்தது, அப்புறம் கருத்துகள், அப்புறம் உணர்ச்சிகள், கடைசியாகக் கைக்குப் பழகிய வேலைகள். அவர் சொன்னது மனிதர்களைக் கவனித்துச் சொன்னது. மூளையில் அந்த வரிசைக்கு இடம் எது என்று காட்ட அவரிடம் வழி இல்லை.

இடத்தைக் காட்டியவர் ஒரு நோயாளி. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது வாலிபருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக, இரண்டு பக்கமும் காதுக்கு உட்புறமாக இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் வெட்டி எடுத்தார்கள். கடற்குதிரை வடிவத்தில் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008-இல் சாகும்வரை புதிதாக ஒரு சம்பவமும் அவர் மனதில் தங்கவில்லை. சிறுவயது ஞாபகம் இருந்தது, புத்தியும் மங்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைகிற பயிற்சியை அவருக்குக் கொடுத்தார்கள். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை நான் இதற்கு முன் செய்ததே இல்லை என்றார்.

எங்கள் பாஷையில் சொன்னால் புரியும். அலுவலகத்தில் தபால் பிரிவு ஒன்று உண்டு. வரும் தாளெல்லாம் அங்கே பதிவேட்டில் ஏறி எண் வாங்கி, பிறகு பிரிவுகளுக்குப் போய், முடிந்த பின் ஆவண அறைக்குப் போகும். தபால் எழுத்தர் விடுப்பில் போய்விட்டால் தாள் வரும், எண் விழாது, எங்கே போயிற்று என்றே தெரியாது. ஆனால் ஆவண அறையில் பழைய கட்டுகள் அப்படியே இருக்கும். கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். அக்கா காலையில் இட்லி சாப்பிட்டது பதிவாகவில்லை. ழிரோந்த் தலைநகரம் ஆவண அறையில் பத்திரமாக இருந்தது. நான் ஆவண அறையைப் பார்த்துவிட்டு, தபால் பிரிவும் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்தேன். "தம்பி, என்ன எழுதச் சொன்னாங்க?" என்று அவள் கேட்டிருக்கவேண்டும், கேட்க வாய் வரவில்லை.

இந்த ஒப்புமை அங்கங்கே இடிக்கும் என்பது எனக்கும் தெரியும். மூளையில் தாள் ஓர் இடத்தில் முடங்கிக் கிடப்பதில்லை. ஆனாலும் என் குற்ற உணர்ச்சிக்கு முதலில் அது கை கொடுத்தது.

இனி வருவது நூறு வருடப் பஞ்சாயத்து. கறையும் சிக்கும் இருக்கின்றன, நோயாளியின் தடுமாற்றமும் இருக்கிறது. எது எதற்குக் காரணம்? எவ்வளவு கறைக்கு எவ்வளவு தடுமாற்றம்?

அதை முதன்முதலில் ஒழுங்காக எண்ணிப் பார்த்தவர்கள் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் என்ற மூவர். 60 முதியவர்களை உயிரோடு இருக்கும்போதே சோதித்து மதிப்பெண் போட்டார்கள். தானே உடுத்துகிறாரா, பணத்தைச் சரியாகக் கையாளுகிறாரா, தேதி தெரிகிறதா என்பது போன்ற எளிய கேள்விகள். இறந்த பிறகு மூளையில் கறைத் திட்டுகளை எண்ணினார்கள். 1968-இல் முடிவு வந்தது. கறை கூடக் கூட மொத்தத்தில் தடுமாற்றமும் கூடியிருந்தது. முதுமைத் தடுமாற்றம் வெறும் வயசு அல்ல, அவுகுஸ்டேவுக்கு வந்த அதே நோய் என்று மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ள இது பெரிய படி.

ஆனால் மொத்தத்தில் சரியாக வருவது தனித்தனி ஆளுக்குச் சரியாக வருவதில்லை. அல்ஸைமரே 1911-இல் ஒரு கூலித் தொழிலாளியைப் பற்றி எழுதியிருந்தார். யோஹான் எஃப். என்று மட்டும் குறிப்பிட்ட 56 வயதுக்காரர். அவருடைய மூளையில் கறைகள் ஏராளம், சிக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் கண்ணாடித் தகடுகளும் 1990-களில் மியூனிக்கில் கிடைத்தன, மறுபடி பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தது. இன்னொரு பக்கம், 1988-இல் அமெரிக்காவில் ராபர்ட் கட்ஸ்மனும் குழுவினரும் முதியோர் இல்லத்தில் இருந்த 137 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 10 பேர் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள். மூளையைத் திறந்தால் நோய்க்குரிய மாற்றங்கள் இருந்தன! அந்த மூளைகள் எடை கூடியவை, பெரிய நரம்புச் செல்களும் கூடுதல். கணக்கு உதைத்தது.

1992-இல் வந்த ஓர் ஆராய்ச்சி முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்தது. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது, எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதோடு ஒத்துப்போனது சிக்குதான், கறை அல்ல. அதற்கு முந்திய வருடம் ராபர்ட் டெர்ரி இன்னொன்றைக் காட்டியிருந்தார். செல்லுக்குச் செல் கைகோத்திருக்கும் இணைப்புகள் எவ்வளவு அறுந்தன என்பதுதான் தடுமாற்றத்தோடு எல்லாவற்றையும்விட நெருக்கமாகப் பொருந்தியது.

அந்த 1991-இல்தான், அவுகுஸ்டே கிடந்த அதே பிராங்க்பர்ட் நகரத்தில், ஹைகோ பிராக், ஏவா பிராக் என்ற கணவன் மனைவி ஒரு வரைபடம் போட்டுத் தந்தார்கள். 83 மூளைகளைத் துருவிப் பார்த்து அவர்கள் கண்டது: சிக்கு கண்ட இடத்தில் முளைப்பதில்லை. போகிற வழி ஒன்று உண்டு. ஆறு படிகள். முதல் இரண்டு படியில் ஹிப்போகாம்பஸின் வாசலில் இருக்கும் என்டோரைனல் என்ற பட்டையிலும் அதன் ஓரத்திலும். ('ரைன்' என்றால் கிரேக்கத்தில் மூக்கு. ரினோசெரோஸ் என்று காண்டாமிருகத்தைச் சொல்கிறோமே, அதே மூக்கு. வாசனை அறியும் பகுதியை ஒட்டி இருப்பதால் இந்தப் பெயர்.) அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. மூன்று, நான்காம் படியில் ஹிப்போகாம்பஸும் உணர்ச்சியை ஆளும் பகுதிகளும். ஐந்து, ஆறில் மேல்மூளை முழுக்கப் பரவும். பார்வையை முதலில் வாங்கும் பகுதியும் கைகால் அசைக்கும் பகுதியும் கடைசிவரை ஓரளவு தப்பும். 1997-இல் 2,661 மூளைகளைப் பார்த்தபோதும் அதே வழிதான். முதல் படிச் சிக்கு இருபது முப்பது வயதுக்காரர் சிலரிடம்கூட இருந்தது. கறைக்கோ வேறு வழி: மேல்மூளையில் தொடங்கிக் கீழே இறங்கிவரும். ஒன்று கீழிருந்து மேலே, மற்றொன்று மேலிருந்து கீழே. கறையை எண்ணி ஞாபகத்தை அளக்க ஏன் முடியவில்லை என்பது அப்போது புரிந்தது. ஞாபகத்தின் வாசலில் முதலில் வந்து உட்கார்வது சிக்கு.

அந்த வாசல் எவ்வளவு சீக்கிரம் பாழாகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1996-இல் வந்தது. மறதி மிக லேசாகத் தெரிய ஆரம்பித்த நிலையில் இறந்தவர்களின் மூளையில், என்டோரைனல் பட்டையின் இரண்டாம் அடுக்குச் செல்களில் ஏறத்தாழ 60 சதவீதம் அதற்குள் போயிருந்தது. முற்றிய நிலையில் 90. ஹிப்போகாம்பஸுக்குத் தாள் அனுப்புவது அந்த அடுக்குதான். "சாவியை எங்கே வச்சேன்" என்று நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போது அங்கே பாதிக்கு மேல் காலி.

இந்த வரைபடத்தின் மேல் அக்காவின் வருடங்களை வைத்துப் பார்த்தேன். 2012-இல் பால் கருகி வீடெல்லாம் புகை, அடுப்படியிலேயே நின்றவளுக்கு வாசனை தெரியவில்லை. அடுத்த வருடம் பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம். 2016-இல் முத்தியால்பேட்டை மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள். ஐம்பது வருடம் நடந்த தெரு. 2018-இல் வேலைக்காரப் பெண் வளையலைத் திருடிவிட்டாள் என்று சண்டை, வளையல் அரிசிப் பானையில் இருந்தது. அப்புறம் சொற்கள் போயின. கரண்டி, தட்டு எல்லாம் "அது, அந்த இது" ஆயிற்று. மகளை "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டாள். கண்ணாடியில் தெரிந்த கிழவியோடு பேசினாள், அந்த அம்மாவுக்கும் காபி கொடு என்றாள். வாசனை, வரவுப் பதிவு, வழி, சந்தேகம், சொல், முகம். சிக்கு ஒவ்வொரு படியாக ஏறிய வழியில்தான் அவளும் போனாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், அக்காவின் மூளையை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒரே ஒரு ஸ்கேன் எடுத்தோம். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கடற்குதிரை இருக்கவேண்டிய இடம் சுருங்கிச் சுற்றிலும் கறுப்பாகக் கிடந்ததைக் காட்டினார்.

ஆனால் வழி ஒன்றாக இருந்தாலும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. இதைக் கன்னியாஸ்திரீகளைப் போல யாரும் விளங்க வைக்கவில்லை. நம் ஊர்க் குளூனி சகோதரிகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும். டேவிட் ஸ்னோடன் என்ற ஆராய்ச்சியாளர் 1986-இல் அமெரிக்காவில் நோத்ர்தாம் பள்ளிச் சகோதரிகள் சபையில் இந்த ஆய்வைத் தொடங்கினார். 678 சகோதரிகள், எல்லாரும் 75 வயதுக்கு மேல், வருடா வருடம் சோதனைக்கு உட்கார்ந்து, இறந்த பின் மூளையையும் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். ஒரே சாப்பாடு, ஒரே வீடு, குடி கிடையாது, புகை கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது. 101 வயதில் இறந்த ஒரு சகோதரி கடைசிவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கினார். மூளையிலோ கறையும் சிக்கும் நிறைய இருந்தன. இளம் வயதில், சபையில் சேரும்போது, எல்லாரும் கைப்பட எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்புகள் மடத்தின் பெட்டியில் இருந்தன. (பாருங்கள், மறுபடியும் பழைய தாள்தான் உதவுகிறது.) அந்த வயதில் ஒரு வாக்கியத்தில் கருத்துகளை அடர்த்தியாகக் கோத்து எழுதியவர்களுக்கு அறுபது வருடம் கழித்து நோய் குறைவாக வந்திருந்தது.

அதே ஆய்வில் 1997-இல் வந்த ஒரு கணக்கு என்னைத் தைத்தது. மூளையில் இந்த நோய்க்குரிய மாற்றங்கள் இருந்தவர்களில், பக்கவாதம் எதுவும் இல்லாதவர்களில் 57 சதவீதம் பேர் தடுமாறியிருந்தார்கள். மூளையின் ஆழத்தில் ஒன்றிரண்டு சின்ன ரத்தக்குழாய் அடைப்பும் சேர்ந்திருந்தவர்களில் 93 சதவீதம். வெளியே தெரியாத அளவு சின்ன அடைப்பு! அக்காவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையைச் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்பதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்கு நோய் தள்ளிப் போகிறது என்பதையும் சொல்லவேண்டும். 2013-இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி என்ற மருத்துவரும் குழுவும் 648 நோயாளிகளைப் பார்த்தார்கள். இருமொழிக்காரர்களுக்குச் சராசரி நாலரை வருடம் தாமதமாகத்தான் நோய் வெளிப்பட்டது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. அக்காவுக்குப் பிரெஞ்சு நாலரை வருடம் வாங்கித் தந்ததோ என்னவோ. கன்னியாஸ்திரீகளுக்கு ஒரு மெர்சி.

இப்போது உயிரோடு இருப்பவர் மூளையிலேயே கறையைப் படம் பிடிக்கிறார்கள், 2004-இலிருந்து. மறதி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே கறை சேரத் தொடங்கிவிடுகிறது, தடுமாற்றம் வரும் சமயத்தில் அது ஏறக்குறைய உச்சத்தில் நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு ஏறுவது சிக்கும் சுருக்கமும்தான். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற ஊசி மருந்து கறையை நன்றாகவே துடைக்கிறது. ஆனால் 18 மாதத்தில் சரிவின் வேகம் 27 சதவீதம்தான் குறைந்தது. கறையைத் துடைக்கும் நேரத்தில் சிக்கு எங்கேயோ போய்விட்டிருக்கிறது.

20 வருடம் என்றால் அக்காவுக்கு 1992, 93. என் மகள் காதுகுத்துக்கு இருநூறு பேருக்குச் சமையல் மேற்பார்வை பார்த்தவள் அவள். யாருக்கு எத்தனை இலை, எந்த வீட்டுக்கு எத்தனை பட்சணம், ஒன்றும் தப்பவில்லை.

2021-இல் பிரெஞ்சும் போய்விட்டது. "அக்கா, ரோன்?" என்றால் லியோன் வராது. ஆவண அறையிலும் கறையான் ஏறிவிட்டது. ஆனால் மல்லிகை உதிரியும் வாழைநாரும் மடியில் வைத்தால் விரல்கள் தானே ஓடும். இரண்டு இரண்டு பூவாக, நெருக்கமாக, ஒன்றுகூட நழுவாது. ரிபோ கைவேலையைக் கடைசியில் வைத்தது இதற்குத்தான். யாருக்குக் கட்டுகிறாள் என்று அவளுக்கும் தெரியாது. அடுத்த வருடம் போய்விட்டாள்.

அந்த நவம்பரில், கையெழுத்து வராது என்று தெரிந்ததும், சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்தான் நல்லபடியாக, "பரவாயில்லை அம்மா" என்று மைப் பெட்டியை நகர்த்தினாள். அக்காவின் கட்டை விரலைப் பிடித்து நான்தான் கைநாட்டு வைத்தேன். ஆட்டோவில் வரும்போது விரலைப் பார்த்து, "தம்பி, இந்த மை போயிடுமா?" என்று கேட்டாள். சோப்பு போட்டால் போய்விடும் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். சொன்னேன். மணிக்கூண்டு தாண்டும்போது மறுபடி. அதற்கும் சொன்னேன். வீட்டு வாசலில் இறங்கும்போது நாலாவது தடவை கேட்டாள். பதில் சொல்லாமல் ஆட்டோவுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.